அப்பாவின் முதல் இறந்த தேதி

மின்விசிறியை நிறுத்திவிட்டால் பதிவு நன்றாக விழும். கொஞ்சம் வியர்க்கும்தான், ஆனால் பின்னால் இதைக் கேட்டு எழுதப்போகிறவர் உங்களை வாழ்த்துவார். எனக்கும் அதே வேலைதான். யார் யாரோ பேசிய பதிவுகளை வீட்டிலேயே உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பேன். கம்பெனிக் கூட்டங்கள், நேர்காணல்கள், டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு போனில் முணுமுணுத்து வைக்கும் குறிப்புகள், எது வந்தாலும். அந்தக் கருவியை என் பக்கம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மேஜையில் பேனாவைத் தட்டாமல் இருந்தால் நல்லது. அவ்வளவுதான், இனி நீங்கள் கேட்கலாம்.

ஒரு மனிதருக்கு எப்படி இரண்டு இறந்த தேதி இருக்க முடியும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நகராட்சிப் பதிவில் இருக்கும் தேதிதான் சரியானது. நானே நேரில் போய்ப் பதிந்தேன், அதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகாது. இணையதளத்தில் இருக்கும் தேதி அதற்கு ஒரு வருஷத்துக்கும் முந்தையது. அதையும் நான்தான் போட்டேன். மறைக்கவில்லை. அந்தத் தளம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கேட்டால் எல்லாமே கெட்ட எண்ணத்தில் செய்தது மாதிரித் தெரியும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கான தளம் அது. இப்போது அந்த மாதிரி நிறைய வந்துவிட்டன. உங்கள் பெயர், அப்பா அம்மா பெயர், அவர்களைப் பெற்றவர்கள் பெயர் என்று மரம் மாதிரி வரைந்துகொண்டே போகலாம். பழைய செய்தித்தாள்கள், பள்ளிக்கூடப் பதிவேடுகள், தொழிற்சாலையில் வரிசையாக நின்று எடுத்த போட்டோக்கள், கல்லறைக் கற்கள் எல்லாவற்றையும் யாரோ புண்ணியவான்கள் படமெடுத்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். கோழி கிளறினது போன்ற கையெழுத்தைக்கூட இயந்திரமே படித்துச் சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு கட்டுப்பாடு. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அது வாயைத் திறக்காது. பாதுகாப்புக்காக அவர்கள் பெயரைப் பூட்டி வைத்துவிடும். மற்றவர்களுக்குக் காட்டாது, அவர்கள் பெயரை வைத்துத் தேடியும் தராது. இறந்தவர் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும், அதுவரை கம்மென்று இருந்தது மளமளவென்று கொட்ட ஆரம்பித்துவிடும்.

அதனால் தேடுகிறவர்கள் பலரும் உயிரோடு இருப்பவர்களைக் கொஞ்ச நாளைக்குச் சாகடித்து வைப்பதுண்டு. வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிடுவார்கள். ஒருவர் மாமியாரை அப்படிப் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோய், மாமியாருக்கே அனுதாபச் செய்தி போய் வீடு ரெண்டுபட்டது என்று தளத்தின் அரட்டைப் பக்கத்தில் எழுதியிருந்தார். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இது குற்றம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். முதலில் முழங்கால் போயிற்று, பிறகு இதயமும் தகராறு செய்யத் தொடங்கியது. அம்மா போன பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம். பெருமைக்குச் சொல்லவில்லை, வரிசை புரிய வேண்டும் என்று சொல்கிறேன். அவர் என்னிடம் அதிகம் பேச மாட்டார். "ஏம்மா" என்று கூப்பிடுவார். தண்ணீர் என்பார், ஜன்னல் என்பார், வலிக்குது என்பார். ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவேன். ஊரார் பேச்சையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு எழுதுகிறவளுக்கு வீட்டில் கிடைத்த பேச்சு அவ்வளவுதான்.

அம்மா போய்க் கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அவராகவே ஆரம்பித்தார். அம்மாவுக்கு முன்னாலேயே அவருக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்தது, ஒரு பெண் குழந்தையும் இருந்தது. குழந்தைக்கு மூன்று வயது இருக்கும்போது வேலைக்கென்று வெளியூர் வந்தவர், என் அம்மாவைப் பார்த்தார், திரும்பிப் போகவில்லை. அம்மா இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லையாம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"நீ கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பாக்கறியே. அவளை எப்படியாவது தேடிக் குடும்மா. கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டாப் போதும்" என்றார். அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் தேடினேன். நல்ல எண்ணத்தில்தான் தேடினேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயரை வைத்துத் தேடினால்தான் அவருடைய முதல் கல்யாணத்தின் சுவடு ஏதாவது கிடைக்கும். அதற்கு டிக் போட வேண்டும். போட்டேன். தேதி கேட்டது, அன்றைய தேதியைக் கொடுத்தேன். அப்பா பக்கத்து அறையில் மருந்து குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். எச்சில் பரிசோதனை ஒன்றும் அந்தத் தளத்தில் உண்டு. சின்னக் குழாயில் துப்பி அனுப்பினால் ரத்த உறவு யார் யார் என்று சொல்லிவிடும். அதையும் செய்தேன்.

முடிவு வந்தபோது பாதி உடன்பிறப்பு என்று ஒரு பெயரைக் காட்டியது. எந்தப் பாதி என்று காட்டவில்லை. நம் பேச்சில் சொன்னால் மூத்த தாரத்து மகள். நீங்கள் புகார்தாரர் என்கிறீர்கள், நான் அக்கா என்கிறேன். அக்காதானே. அவளும் துப்பி அனுப்பிவிட்டு எத்தனையோ நாளாகக் காத்திருந்திருக்கிறாள். நான் முடிவைத் திறப்பதற்கு முன்பே அவளுடைய செய்தி வந்து கிடந்தது. "நான் உங்க அப்பாவோட மூத்த தாரத்துப் பொண்ணு. ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன். இப்பதான் உன் மரத்துல அவர் பேரைப் பாத்தேன், கூடவே அந்தத் தேதியையும் பாத்தேன். கொஞ்சம் முன்னாடி தேடியிருந்தா உயிரோட பாத்திருப்பேன். எனக்குக் குடுத்து வைக்கல. நீயாவது கூட இருந்தியே தங்கச்சி, அதுவே ஆறுதலா இருக்கு."

டிக்கை எடுக்க ஒரு நொடி ஆகாது. அப்பா உயிரோடுதான் இருக்கிறார், உங்களைத்தான் தேடுகிறார் என்று எழுத ஒரு வரி போதும். எழுதத்தான் நினைத்தேன். அன்றைக்கு ஒரு டாக்டரின் பதிவைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியிருந்தது, அதை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். முடித்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கொண்டே "கிடைச்சாளா?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் இருந்த பக்கம் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.

அப்புறம்தான் அக்காவுக்குப் பதில் எழுதினேன். அப்பா வலி இல்லாமல் நிம்மதியாகப் போனார் என்று எழுதினேன். கல்லறை எங்கே என்று கேட்டுக் கிளம்பி வந்துவிடுவாளே என்று, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதினேன். உங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேன். அந்தக் கடைசி வரி வேண்டியிருக்கவில்லை என்று பிறகு தோன்றியது. அது இல்லாமலே பதில் முழுமையாகத்தான் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அவள் அழுது முடித்துவிட்டாள். முகம் தெரியாத ஒரு மனிதருக்காக அழுது முடித்தவளைக் கூப்பிட்டு, அவர் படுக்கையில் கிடக்கிறார், இன்னும் கொஞ்ச நாளில் நிஜமாகவே போய்விடுவார், வந்து மறுபடி அழுங்கள் என்பதா. அப்பாவுக்கோ இதயம் பலவீனம், அதிர்ச்சி எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் இரண்டு பேர் பக்கமும் நின்று பார்த்தேன். அப்படித்தான் அப்போது பட்டது.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அதனால் பேச்சே சத்தமாகத்தான் இருக்கும், எழுத்திலும் அப்படித்தான் எழுதுவாள். தினமும் ஏதாவது அனுப்புவாள். வேனில் ஒரு குழந்தை செருப்பை ஜன்னல் வழியாக வீசிய கதை, மழையில் டயர் புதைந்த கதை. ஒரு தடவை தன் கையால் தைத்த தலையணை உறைகளைப் பார்சலில் அனுப்பினாள். முகவரியைக் கேட்டாள், நானும் கொடுத்துவிட்டேன். பார்சலுக்குள் ஒரு சீட்டு. "கடைசி வரைக்கும் அப்பாவைப் பாத்துக்கிட்ட கை உன்னோட கை. என் வேலையையும் சேத்து நீ செஞ்சிருக்க." அத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னது அவள் ஒருத்திதான். அந்த உறைகளைத்தான் அப்பாவின் தலையணைக்குப் போட்டேன். மெத்தென்று இருக்கிறது என்றார்.

பிறகு அந்தத் தளத்தில் பேசும் படம் என்று ஒரு வசதி வந்தது. செத்தவரின் போட்டோவையும், பேச வேண்டியதையும் கொடுத்தால், போட்டோவில் இருப்பவர் கண் சிமிட்டி, தலையசைத்து, உதடு அசைத்துப் பேசுவார். பழைய குரல்பதிவு ஏதாவது இருந்தால் அதே குரலில் பேச வைப்பதாகவும் சொன்னார்கள். உலகமே அதை வைத்துக்கொண்டு தாத்தாக்களைப் பேச வைத்து அழுதுகொண்டிருந்தது. அக்காவும் கேட்டாள். "அப்பா குரல் எப்படி இருக்கும்னே எனக்கு ஞாபகம் இல்ல. உன்கிட்ட ஏதாவது இருந்தா செஞ்சு குடேன் தங்கச்சி."

நான் முறைப்படி முதலில் இயந்திரத்திடம்தான் கொடுத்துப் பார்த்தேன். அப்பாவின் வேலைக்கால போட்டோ, கையில் ஸ்பானர். அது செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசியது. வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. என் தொழிலில் இருப்பவளுக்கு அதை ஒருத்தருக்கு அனுப்ப மனசு வராது. பக்கத்து அறையில் நிஜக்குரல் இருமிக்கொண்டிருக்கும்போது இதை எதற்கு அனுப்புவது என்று தோன்றியது.

அப்பாவிடம் போனை நீட்டி, "நீங்க பேசி வச்சீங்கன்னா தளத்துல போட்டு வைக்கலாம்பா. அவ எப்பவாவது தேடி வந்தா கேப்பா" என்றேன். அவர் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அவராக எழுந்து உட்கார்ந்து பல நாள் ஆகியிருந்தது.

அப்புறம் அவர் பேசியதைச் சொல்ல வேண்டுமே. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகள். இருட்டில் கத்துகிறவர்களுக்கு மேலே இருந்து குரல் கொடுப்பாராம், "பயப்படாதீங்க, நான் மேலதான் இருக்கேன்" என்று. ஒரு கல்யாண ஜோடி மாட்டிக்கொண்டு, கதவைத் திறப்பதற்குள் சண்டை போட்டுப் பிரிவதாக முடிவு செய்திருந்ததாம். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் இருமலை வெட்டி, கட்டில் கிரீச்சிடுவதை வெட்டி, நடுவில் என்னிடம் தண்ணீர் கேட்பதை வெட்டி, மூச்சை மட்டும் விட்டுவைப்பேன். அதை இயந்திரத்தில் ஏற்றி, போட்டோவின் உதட்டை மட்டும் அசைக்கச் சொல்வேன். பழைய கேசட்டில் இருந்த குரலை வைத்து இயந்திரம் செய்தது, வார்த்தைகள் நான் எழுதிக் கொடுத்தவை என்று அக்காவிடம் சொன்னேன்.

அவள் சொக்கிப்போனாள். "பயப்படாதேன்னு சொல்ற இடத்துல நிஜமாவே அவர் மேல இருந்து பேசற மாதிரி இருக்கு" என்று எழுதினாள். எங்கள் வீடு மேல்மாடிதான். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாருக்கு இதில் நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள். அவளுக்கு அப்பாவின் குரல் கிடைத்தது, வாரா வாரம், சுத்தமாக வெட்டி ஒட்டி. அப்பா நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார். முகம் தெளிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்ன மாற்றம் என்றார். "இப்பல்லாம் பேசறார்" என்றேன். காலையில் நான் ஹெட்ஃபோனை மாட்டுவதற்குள் "ஏம்மா, இன்னைக்குப் பேசலாமா" என்று கேட்பார். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்துகொள்வேன். அவர் போனைப் பார்த்துப் பேசுவார், போனைப் பிடித்திருப்பது நான்தானே. அக்கா நேரில் வந்திருந்தால் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பார், நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். நான் இதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அப்படியும் ஒரு எண்ணம் வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஒரு தவறு செய்தேன். ஒரு பதிவின் தொடக்கத்தில் அப்பா, "ஏ டமாரம், நல்லா இருக்கியா?" என்றார். குழந்தையில் அவள் அழுதால் தெருவே திரும்பிப் பார்க்குமாம், அதற்காக அவர் வைத்த பெயர். வெட்டியிருக்க வேண்டும். எனக்கு எந்தக் காலத்திலும் யாரும் செல்லப்பெயர் வைத்ததில்லை, அதனால் அது சாதாரணமாகக் கொஞ்சுகிற வார்த்தை, எந்த வீட்டிலும் எந்தக் குழந்தையையும் அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துவிட்டேன். இரண்டு மூன்று பேருக்குள்ளேயே புழங்குகிற பெயர் என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் குரல் அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது, விட்டுவிட்டேன்.

அனுப்பிய பிறகு அக்காவிடமிருந்து பதிலே வரவில்லை. வழக்கமாக உடனே எழுதுகிறவள். அடுத்த நாள் மத்தியானம் அழைப்பு மணி அடித்தது.

கதவைச் சங்கிலியோடு திறந்தேன். போட்டோவில் பார்த்த முகம்தான், மூக்கு அப்படியே அப்பாவின் மூக்கு. "நான்தான் தங்கச்சி. போன் பண்ணியிருந்தா வேண்டாம்னுடுவ. அதான் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், அவளுக்கு வேறு மாதிரிப் பேச வராது. "அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்? எங்கம்மாவுக்கும் அவருக்கும்தான் தெரியும். அவர் என்னைப் பத்திப் பேசவே இல்லன்னு சொன்னியே. அப்ப மெஷினுக்கு யார் சொன்னது?"

அப்போது உள்ளேயிருந்து அப்பா, "யாரும்மா அது? வாசல்ல யாரு?" என்றார்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அது அவர் குரல்" என்றாள்.

"ஆமாக்கா. கம்ப்யூட்டர்ல ஓடிட்டிருக்கு. உங்களுக்கு அடுத்தது செஞ்சிட்டிருந்தேன்" என்றேன்.

அப்பா மறுபடியும், "யாரும்மா அது? வாசல்ல யாரு?" என்றார். வயதானவர்கள் கேட்டதையே கேட்பார்கள் இல்லையா, அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. பதிவைத் திரும்ப ஓடவிட்டது போலவே இருந்தது. நான் திட்டம் போட்டிருந்தால்கூட அவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. அக்கா நம்பினாள். அத்தனை மாதமாக அந்தக் குரல் இயந்திரத்தின் குரல் என்று சொல்லித்தானே அவள் காதில் போட்டிருந்தேன்.

ஆனால் டமாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே நான் உண்மையைச் சொன்னேன். "அப்பா உங்களைப் பத்திப் பேசினார்க்கா. எந்நேரமும் உங்களைப் பத்தித்தான் பேசுவார். எனக்குப் பொறாமை. அதான் மறைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். அழுகையும் வந்தது, வரவழைத்தது இல்லை, தானாக வந்தது. அவள் சங்கிலி இடைவெளியில் கையை நுழைத்து என் கன்னத்தைத் தொட்டாள். "விடு. என் தங்கச்சிதானே" என்றாள். ஒருத்தி ஒரு தப்பை ஒப்புக்கொண்டால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று யாரும் தேடுவதில்லை, அக்காவும் தேடவில்லை.

உள்ளே வந்து அவர் படுத்திருந்த கட்டிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். கரையான் மருந்து அடித்திருக்கிறது, மூச்சு முட்டும் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். "அப்ப இந்த வீட்டுக் காத்துலயாவது ஒரு தடவை சொல்லிட்டுப் போறேன்" என்று கதவிடுக்கில் வாயை வைத்து, "அப்பா, டமாரம் வந்திருக்கேன்பா" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனாள். சாயங்காலம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட வேண்டும், வேனை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

உள்ளே போனேன். அப்பா கட்டிலை விட்டு இறங்கப் பார்த்து, முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்தபடி இருந்தார். "டமாரம்னு சொன்னாளே. யாரு? யாரு வந்தது?"

"யாரும் வரலப்பா. கம்ப்யூட்டர். இப்பல்லாம் மெஷினே யார் குரலையும் செய்யுது. அவ குரலையும் செஞ்சு பாத்தேன். கேட்டா சந்தோஷப்படுவீங்கன்னு."

அவர் வாசல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "லிஃப்ட் இறங்கிச்சே" என்றார். வேலையை விட்டாலும் அந்தக் காது அப்படியே இருந்தது.

"எதிர்வீட்டுக்காரங்கப்பா" என்றேன்.

"நல்லாத்தான் செய்யுது" என்றார். "ஆனா அதை இனிமே போடாதம்மா."

அதற்குப் பிறகு அவர் பதிவுக்கு உட்காரவில்லை. போனை நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாட்டைத் தொடுவது நின்றது. ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே இருப்பார், விழுங்க மாட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. ரொம்ப வருத்தமாகத்தான் இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன், அதில் நான் குறை வைக்கவில்லை. அவர் பார்த்துவிட்டு என்னை நடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "பாக்க வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார்.

"எல்லாரும் இங்கதான் இருக்கோம் டாக்டர்" என்றேன்.

அக்கா அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த பேசும் படம் எப்போது என்று கேட்டாள். தளத்தில் ஏதோ கோளாறு, சரிசெய்கிறார்கள் என்று எழுதினேன். தளத்தின் மேல் நான் போட்ட அந்தப் பழிக்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அது ஒரு நாளும் கோளாறு செய்ததில்லை.

அப்பா ஒரு காலைப்பொழுதில் போனார். வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. அடக்கமெல்லாம் முடிந்து நகராட்சியில் போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். அந்த அலுவலகத்துப் பதிவுகள் தானாகவே அந்தத் தளத்துக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். புதுசாக வந்த வசதி, நானே அரட்டைப் பக்கத்தில் அதைப் பாராட்டி எழுதியிருக்கிறேன். தெரிந்தும் ஏன் பதிந்தாய் என்று கேட்பீர்கள். ஒரு மனிதர் இறந்தால் பதிய வேண்டும், நான் அதில் விளையாட மாட்டேன். சில நாளில் ரத்த உறவுகள் எல்லாருக்கும் அறிவிப்பு போயிற்று. உங்கள் தந்தையைப் பற்றி ஒரு புதிய ஆவணம் கிடைத்துள்ளது என்று. வாழ்த்துகள் என்றுகூட அதில் ஒரு வரி இருக்கும், எல்லா அறிவிப்பிலும் இருக்கும்.

அக்கா ஒரே ஒரு வரி எழுதினாள். "அன்னைக்கு உள்ள இருந்து கேட்டது யாரு குரல்?" நான் பதில் எழுதவில்லை. அதன் பிறகு அவள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

எந்தச் சட்டப்பிரிவில் வழக்குப் போடுவது என்று உங்களுக்கே தெரியவில்லை, முகத்தில் தெரிகிறது. நான் உதவுகிறேன். அப்பா உயிரோடு இருந்தபோது அவரை அவளுக்குச் செத்தவராக்கியது நான். வாசல்வரை வந்தவளை அவருக்கு இயந்திரமாக்கியது நான். சங்கிலியை எடுக்க இரண்டு தடவை கை போனது, இரண்டு தடவையும் எடுக்காதது நான். அந்த வாசலில்தான் அவர் செத்தார், கட்டிலில் நடந்தது மிச்சம். அவள் புகாரில் இதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டாள்.

ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியாது, அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் போன அந்தக் காலையில் கண்ணைத் திறந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "டமாரம்" என்றார். பழக்கதோஷத்தில் என் விரல் போனில் பதிவை அழுத்திவிட்டது. "வந்துட்டியா" என்றார். வந்துட்டேன்பா என்றேன். "பயந்தியா" என்றார். இல்லப்பா என்றேன். என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். என் முகத்தை, போனை அல்ல, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்படியே போனார்.

அந்தப் பதிவு என்னிடம்தான் இருக்கிறது. அதில் நான் எதையும் வெட்டவில்லை. அக்கா பதிவுகள் எல்லாவற்றையும் கேட்கிறாள் என்கிறீர்கள், இதைக் கொடுக்க முடியாது. மற்றதெல்லாம் அவளுடையது, எடுத்துக்கொள்ளட்டும். இதைக் கேட்டு எழுதுகிறவரிடம் இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதச் சொல்லுங்கள். அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன். அவர் கடைசியாகக் கூப்பிட்டது என்னைத்தான்.